பிக்கப்பில் ஏற மறுத்தவர்

கொண்டச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எனக்கு இடமாற்றம் வந்தபோது, எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி என் வேலையைப் பற்றியதாக இருக்கவில்லை. நான் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருக்கையிலேயே கணவர் எழுந்து வாசலுக்குப் போனார். வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து, "அப்ப அவரை எப்பிடிக் கொண்டுபோறது?" என்று கேட்டார்.

அவர் என்றது நாயைத்தான். அது கணவருடைய தமையனாரின் நாய். மூன்று வருடங்களுக்கு முன்பு பிள்ளைகளோடு இருக்கவென்று கனடாவுக்குப் போன தமையனார், ஒரு சங்கிலி, ஒரு பெரிய அலுமினியச் சட்டி, ஒரு ஆங்கிலப் பெயர் ஆகியவற்றோடு அதை மன்னார்த் தீவில் எங்கள் ஊரான தோட்டவெளியில் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயரை எங்களால் ஒருநாளும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. நாங்கள் சொன்ன விதத்தில் அதைத் தன் பெயரென்று நாயும் ஏற்றுக்கொள்ளவில்லை. கணவர் சின்ன வயதிலிருந்தே தமையனாரின் சாமான்களை மரியாதையோடு தொட்டுப் பழகியவர். தமையனாரின் சைக்கிளை ஏறி ஓடாமல் உருட்டிக்கொண்டே கடைக்குப் போய்வந்தவராம். ஆகவே நாயும் முதல் நாளிலேயே 'அவர்' ஆகிவிட்டது. "அவர் சாப்பிட்டவரோ?" "அவருக்குத் தண்ணி வைச்சனீரோ?" நான் முதலில் சிரித்தேன். ஒரு மாதத்தில் எனக்கும் அதுவே வாயில் வந்தது. இப்போது எழுதும்போதும் மரியாதையைக் குறைக்க மனமில்லை. நாயார் என்றே எழுதுகிறேன்.

நாயார் பெரியவர். தகப்பன் கொழும்பில் ஏதோ பெரிய வீடொன்றின் காவல்நாய். தாயைப் பற்றி விபரமில்லை. எழுந்து நின்றாரென்றால் தலையை உயர்த்தாமலே எங்கள் சாப்பாட்டு மேசையில் தாடையை வைக்கலாம். தடுப்பூசி போட மன்னார் நகரத்துக்கு நடத்திக் கூட்டிப்போனபோது மிருக வைத்தியர் நிறுத்துப் பார்த்து ஐம்பத்திரண்டு கிலோ என்றார். நானும் அதே தராசில் ஏறிப் பார்த்தேன். ஐம்பது.

அவருக்கு ஒரேயொரு கொள்கை இருந்தது. சக்கரம் வைத்த எதிலும் ஏறுவதில்லை. ஓட்டோ, லொறி, கைவண்டி, எதுவுமே. தமையனாரின் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கும் கணவரின் பின்னால் நடந்துதான் வந்திருந்தார். அது எங்களுக்குப் பெரிய தொந்தரவாக இருந்ததில்லை. தோட்டவெளியிலிருந்து எல்லா இடத்துக்கும் நடக்கலாம். ஆனால் கொண்டச்சிக்கு நடக்க முடியாது. தீவை விட்டுப் பாலம் தாண்டி, வங்காலை தாண்டி, அரிப்புத் தாண்டிப் போக வேண்டும்.

"ரெண்டு நாள் பிடிக்கும்," என்றார் கணவர். "முதல் நாள் பின்னேரம் வங்காலையில மச்சான் வீட்டில படுக்கலாம்."

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடி விடவில்லை.

"எங்களிட்ட பிக்கப் இருக்கு," என்றேன். "தையிலதான் போகோணும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூண்டு மாதம் கிடக்கு. பிள்ளையளுக்கு மூண்டு மாதத்தில எழுத்துப் படிப்பிக்கிறனான். ஒரு நாயை ஏறப் பழக்க ஏலாதோ?"

இருபத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தவளின் திமிர் அது.

கணவர் படகு திருத்துகிறவர். பைபர் படகுகளில் வெடிப்பு வந்தாலோ அடி தேய்ந்தாலோ கரைக்கே போய் ஒட்டிக்கொடுப்பார். அதற்காக வைத்திருந்த பழைய பிக்கப்தான் எங்கள் வாகனம். பின்கதவைத் திறந்து கீழே மடித்தால் நிலத்திலிருந்து என் தொடையளவு உயரம் வரும். நாயார் நினைத்தால் ஒரு காலை மட்டும் தூக்கி வைத்தாலே பாதி ஏறின மாதிரி.

முதல் நாள் தூக்கிப் பார்த்தோம். கணவர் முன்பக்கம், நான் பின்பக்கம். கை பட்டதும் நாயார் தன் எலும்புகளையெல்லாம் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டார். நனைந்த வலையைத் தூக்குவது போல ஒரு பக்கம் தூக்க மறுபக்கம் வழிந்தது. மூன்றாம் முறை கணவர் "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அவருக்கு நாரிப்பிடிப்பு பழைய வருத்தம். நாயார் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, குந்தியிருந்தவரின் காதை நக்கினார்.

அதற்குப் பிறகு சாப்பாட்டால் இழுப்பதென்று முடிவு செய்தோம். அலுமினியச் சட்டியில் பாணும் சோறும் சூடை மீன் தலைகளும் போட்டுப் பிக்கப்பின் உள்மூலையில் வைத்தோம். நாயார் வந்து பின்கதவுக்கு முன்னால் அமர்ந்து சட்டியைப் பார்த்தார். வாயிலிருந்து நீர் நூலாக இறங்கி நிலத்தைத் தொட்டது. அப்படியே ஒரு மணித்தியாலம் இருந்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிப் படுத்துவிட்டார். கோழிகள் ஏறித் தின்றன.

"உயரம்தான் பயம்போல," என்றார் கணவர். மறுநாளே, நிலத்திலிருந்து பின்கதவுக்கு நடந்து ஏற ஒரு சாய்தட்டு செய்யத் தொடங்கினார். தொழில் தெரிந்தவர் அல்லவா, வெறும் பலகையை ஆணி அடித்ததோடு விடவில்லை. அச்சுச் செய்து, பைபர் துணி விரித்து, பிசின் பூசி, கால் வழுக்காமல் மேலே கரடு மணல் தூவி, ஒரு கிழமை மெனக்கெட்டார். கடைசியில் படகுக்கு அடிக்கிற நீல வர்ணம் அடித்து, இரண்டு கரையிலும் வெள்ளைக் கோடும் இழுத்தார். எதிர்வீட்டு அண்ணை வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். பின்னேரங்களில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

"இதுக்கு ஒரு எஞ்சின் பூட்டினீரெண்டா பேசாலைக்குப் போய் மீன் பிடிச்சுக்கொண்டு வரலாம்," என்றார்.

நாயாருக்கும் சாய்தட்டு பிடித்திருந்தது. அதன் கீழே நல்ல நிழல் விழுந்ததால், வேப்பமரத்தை விட்டுவிட்டு அங்கே படுக்கத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் சட்டியை மறுபடி பிக்கப்பில் வைத்துவிட்டு நாங்கள் வீட்டுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, வெளியே தட்டில் கனமாகக் கால் வைக்கிற சத்தம் கேட்டது. கணவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விரலை வாயில் வைத்து, சத்தம் போடவேண்டாமென்று காட்டினேன். இரண்டு பேரும் நுனிக்காலில் வாசலுக்கு வந்தோம்.

பிக்கப்பில் ஒரு கழுதை நின்றது. தெருவில் திரிகிற கழுதைகளில் ஒன்று. பாணையும் சோற்றையும் தின்று முடித்து, மீன் தலைகளை ஒரு கரையில் ஒழுங்காக ஒதுக்கி வைத்திருந்தது. சாய்தட்டின் கீழே நாயார் நித்திரை.

ஏறின கழுதைக்கு இறங்கத் தெரியவில்லை. முன்னால் நின்று தள்ளினோம், பின்னால் நின்று இழுத்தோம், பாணைக் காட்டி அழைத்தோம். அது எங்களைவிட நிதானமாக இருந்தது. இருட்டுப்படுவதற்கு முன் எதிர்வீட்டு அண்ணையும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து அதைத் திருப்பி, நீலச் சாய்தட்டு வழியாக ஒரு மணவாட்டியை இறக்குவது போல இறக்கினார்கள்.

"கோழி ஏறிட்டுது, கழுதையும் ஏறிட்டுது," என்றார் எதிர்வீட்டு அண்ணை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஊரில ஏறாத ஆள் இவர் ஒராள்தான்."

அடுத்து நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. செய்துகாட்டிப் படிப்பிக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தந்த பாடம். சொல்லிக் கேட்காத பிள்ளை பார்த்துச் செய்யும்.

"நீங்கள் பாய்ஞ்சு காட்டுங்கோ," என்றேன் கணவரிடம்.

"நானோ?"

"அவர் உங்களைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறார். என்னை எங்க பாக்கிறார்?"

கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். முதல் பாய்ச்சலில் முழங்காலுக்குக் கீழே கதவின் விளிம்பில் அடிபட்டது. இரண்டாவது பாய்ச்சலில் உள்ளே விழுந்தார். நாயார் தலையைச் சரித்துப் பார்த்தார். அது நல்ல அறிகுறி என்று எனக்குப் பட்டது. ஏறினால் பரிசு கிடைக்கும் என்பதையும் நாயாருக்கு விளங்கவைக்க வேண்டுமே. ஆகவே ஒவ்வொரு முறை கணவர் பாய்ந்து ஏறியதும் நான் அவருடைய வாயில் ஒரு பிஸ்கட் வைத்து, தலையைத் தடவி, "கெட்டிக்காரன்! நல்ல பிள்ளை!" என்று சத்தமாகச் சொன்னேன்.

இப்படி ஒருநாள் நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் பங்குத்தந்தை மோட்டார்சைக்கிளில் தெருவால் வந்தவர், வேலிக்கு வெளியே நிறுத்தினார். கணவர் பிக்கப்பில் நான்கு காலில் நின்றார். வாயில் பிஸ்கட். என் கை அவருடைய தலையில். நாயார் கொஞ்சம் தள்ளி முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தார்.

"என்ன நடக்குது?" என்றார் பாதர்.

"நாயைப் பழக்கிறம், பாதர்," என்றேன்.

அவர் மூன்று பேரையும் ஒரு முறை மாறி மாறிப் பார்த்தார். "நடக்கட்டும், நடக்கட்டும்," என்று சொல்லி மோட்டார்சைக்கிளை முடுக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போக எனக்குக் கால் கூசியது.

கார்த்திகை நடுவில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாயார் இப்போது பின்னேரம் ஐந்து மணிக்குத் தானாகவே வந்து பிக்கப்பின் பின்னால் அமர்வார். கணவர் வரச் சுணங்கினால் ஒரு முறை குரைப்பார். கணவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து பாய்வார். நாயார் வாலை ஆட்டுவார். கணவர் இறங்கி நின்றால் இன்னொரு முறை குரைப்பார். கணவர் மறுபடி பாய்வார். என்னால் திண்ணமாகச் சொல்ல முடியும், பழக்கம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆர் ஆரைப் பழக்கினார் என்பதுதான் கேள்வி. கணவரின் நாரிப்பிடிப்பு போன இடம் தெரியவில்லை. காற்சட்டைக்கு இடுப்புப்பட்டி தேவைப்பட்டது. எதிர்வீட்டு அண்ணை தன் வீட்டிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டு, தினமும் ஐந்து மணிக்கு வந்து அமரத் தொடங்கினார்.

"இண்டைக்கு நேற்றையைவிட உயரம்," என்பார்.

விஷயம் கனடாவுக்கும் எட்டியது. ஒருநாள் தமையனார் வீடியோவில் வந்தார். எங்களுக்குப் பின்னேரம், அவருக்கு விடியற்காலை. தலையில் கம்பளித் தொப்பி.

"அது என்ர சொல் கேக்கிற நாய். உங்களுக்குச் சொல்லத் தெரியேல்லை," என்றார். "போனைக் கொண்டுபோய் வாகனத்துக்குள்ள வையுங்கோ. என்ர முகம் அதுக்குத் தெரியோணும்."

கணவர் போனைப் பிக்கப்பின் உள்ளே ஒரு பிசின் வாளியில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து நாயாரின் பக்கத்தில் நின்றார். தமையனாரின் குரல் வந்ததும் நாயாரின் காது இரண்டும் எழுந்தன. உடம்பு முழுவதும் நடுங்கியது. மூன்று வருடம் கழித்தும் அந்தக் குரல் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

தமையனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுக்குரலில், "ஏறடா!" என்று அதட்டினார்.

கணவர் பாய்ந்து ஏறிவிட்டார்.

ஏறினபிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஐம்பத்தொரு வயது மனிதர், போனின் முன்னால் முழங்காலில் நின்று, தமையனாரின் முகத்தைப் பார்த்து விழித்தார். தமையனாரும் அவரைப் பார்த்தார்.

"உன்னையில்லையடா," என்றார் தமையனார்.

நாயார் பிக்கப்பைச் சுற்றி ஓடி, முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் தமையனாரைத் தேடினார். ஏறிப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அன்றிரவு சாப்பிடவுமில்லை. அதற்குப் பிறகு வீடியோ வேண்டாமென்று நான் சொல்லிவிட்டேன்.

மார்கழி பிறந்தது. மிருக வைத்தியரிடம் போய்க் கேட்டேன். இளம் பெண்; பொறுமையாகக் கேட்டார். "நித்திரைக் குளிசை தரலாம் டீச்சர். ஆனா நித்திரையாப் போன ஐம்பத்திரண்டு கிலோவை ஆர் தூக்கிறது?" என்றார். கணவரின் நாரியை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

எதிர்வீட்டு அண்ணை அதுவரை பார்வையாளராக மட்டுமே இருந்தவர். நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முன்பு கதிரையிலிருந்து எழுந்து வந்து, தன் அனுபவத்தை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார்.

"முப்பது வருசம் பஸ் ஓடினனான். நிக்கிற பஸ்ஸில சனம் ஏறாது. வெத்திலை போடும், கதைக்கும், அங்கால இஞ்சால பாக்கும். நான் வெளிக்கிட்டனெண்டா எல்லாம் ஓடிவந்து தொங்கும். நீங்கள் வாகனத்தை நிப்பாட்டி வைச்சுக்கொண்டு ஏறு ஏறு எண்டா அவர் ஏன் ஏறப்போறார்?"

கேட்க நியாயமாக இருந்தது. பின்கதவைத் திறந்து மடித்தபடியே, கணவர் நாயாருக்கு முன்னால் பிக்கப்பை மெல்ல ஓட்டினார். நான் பின்னால் அமர்ந்து சூடை மீன் பொரியலை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். நாயார் மகிழ்ச்சியோடு ஓடிவந்தார். எனக்கும் அவருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. நாக்கு வெளியே, காது பின்னே. இதோ ஏறப்போகிறார் என்று நான் நகர்ந்து இடம்கூட விட்டேன். ஒழுங்கை முடிந்தது. கோயில் தாண்டினோம். பெருந்தெரு வந்ததும் நாயாருக்கு அலுத்துவிட்டது. எங்களை முந்திக்கொண்டு போய், தலைமன்னார் வீதியில் பஸ் நிற்கிற கொட்டகைக்குள் நுழைந்து, அங்கே நின்ற இரண்டு பெண்களுக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். பஸ் வந்து நின்றது. நடத்துநர் நாயாரைப் பார்த்தார், பின்னால் மீன் பொரியலோடு அமர்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"அம்மா, இவரும் வாறாரோ?" என்றார்.

அன்று பின்னேரம் ஒருவரும் பாயவில்லை. நான் சொன்னேன், "இஞ்சாருங்கோ, அவர் இஞ்சயே இருக்கட்டும். எதிர்வீட்டு அண்ணை பாத்துக்கொள்ளுவன் எண்டு சொல்லுறார். பழகின இடம். நாங்கள் மாதம் ஒருக்கா வந்து பாப்பம்."

கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓம்," என்றார். பிறகு, "கனடா அண்ணைக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார். அவர் யோசித்தது தமையனாரைப் பற்றியல்ல என்று எனக்குத் தெரியும். நாயில் எனக்கு அவ்வளவு பற்றில்லை என்று மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அந்த நாட்களில் நாயாருக்கு மீனை முள் எடுத்துப் போட்டேன்.

புறப்படுகிற நாள் காலையில் மழை விட்டிருந்தது. கட்டில், மேசை, அலுமாரி எல்லாம் முதல் நாளே ஒரு லொறியில் போய்விட்டன. பிக்கப்பில் மெத்தை, சமையல் பெட்டிகள், என் புத்தகங்கள், கணவரின் வாளிகள். நாயாரைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு அண்ணை வேலியடியில் நின்றார். சாமான் ஏற்றி முடிந்ததும் கணவர், ஒருவரையும் பார்க்காமல், பின்கதவைத் தூக்கிச் சாத்தினார். சாத்திய சத்தத்தில் கோழிகள் கலைந்தன.

கணவர் அந்தக் கதவைத் தேவைக்கு மேல் பலமாகத்தான் சாத்தினார்.

நாயார் தலையைத் தூக்கினார். மூடிய கதவைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார். எதிர்வீட்டு அண்ணையின் கையிலிருந்து சங்கிலி உருவிக்கொண்டு போன சத்தம்தான் எனக்குக் கேட்டது. நான் திரும்பும்போது ஐம்பத்திரண்டு கிலோவும் ஆகாயத்தில் இருந்தது. என் நெஞ்சளவு உயரத்தில் மூடிக்கிடந்த கதவின் மேலால், முன்கால்களை மடித்து, வயிறு தகட்டில் படாமல் போய், மெத்தையின் நடுவில் இறங்கினார். இரண்டு சுற்றுச் சுற்றி அமர்ந்தார்.



"கதவு திறந்திருந்ததாலதான் ஏறேல்லையோ?" என்றார் எதிர்வீட்டு அண்ணை, வெறுங்கையைப் பார்த்தபடி.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. "காலில ஏதும் அடிபட்டிட்டுதோ தெரியாது," என்று சொல்லிக்கொண்டு, நான் "வேண்டாம்!" என்று கத்தியதைக் கேட்காமல், பின்கதவைத் திறந்தார். திறந்த கதவு வழியாக நாயார் மரியாதையாக இறங்கி வந்து நிலத்தில் நின்றார்.

அந்த நிமிடத்தில் கணவரை நான் பேசிய பேச்சு இங்கே எழுதத் தக்கதல்ல. பக்கத்து வீட்டார் ஜன்னல் திறந்தார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அண்ணை மெல்லப் போய்க் கதவைச் சாத்தினார். நாயார் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பாய்ந்தார். மெத்தை.

ஏனென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பிறகு மிருக வைத்தியரிடம் கேட்டபோது அவரும் தெரியாது என்றார். அந்த ஒரு விடையாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பாலத்துக்குப் போகிற வழியில் கணவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நாயார் காற்றுக்கு எதிரே முகத்தைக் கொடுத்து, அரசியல்வாதி போல அமர்ந்திருந்தார். தெருவில் போனவர்கள் கை காட்டினார்கள். எங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. பாலத்தடியில் பொலிசார் வாகனங்களை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும்தான் கணவரின் முகம் மாறியது.

ஒரு இளம் பொலிஸ்காரர் வந்தார். சிங்களவர், ஆனால் தமிழ் பேசினார். "எங்க போறது? சாமான் என்ன?"

"வீடு மாறுறம், சேர். மெத்தை, புத்தகம், சட்டி பானை."

"சரி. பின்னுக்குத் திறங்க."

கணவர் என்னைப் பார்த்தார். நான் எட்டிப் பேசினேன். "சேர், கதவைத் திறக்காமல் பாக்க ஏலாதோ?"

இதைவிட மோசமான ஒரு வசனத்தை நான் சொல்லியிருக்க முடியாது. பொலிஸ்காரரின் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது.

"ஏன் திறக்க ஏலாது?"

"திறந்தா நாய் இறங்கிப் போடும்."

"இறங்கினா என்ன? பிறகு ஏத்துங்க."

"அவர் ஏறமாட்டார் சேர். கதவு திறந்திருந்தா ஏறவே மாட்டார். மூடியிருந்தாத்தான் ஏறுவார்."

பொலிஸ்காரர் இதை மனதுக்குள் சிங்களத்துக்கு மாற்றிப் பார்ப்பது தெரிந்தது. மாற்றியும் அர்த்தம் வரவில்லை போலும். தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். பெரிய மீசை வைத்த மனிதர் வந்தார். இளையவர் சிங்களத்தில் விளக்கினார். மீசைக்காரர் இடையில் இரண்டு தரம் நிறுத்தி ஏதோ கேட்டார். இளையவர் எங்களைக் காட்டி, கதவைக் காட்டி, கையால் ஒரு பாய்ச்சலும் காட்டினார். மீசைக்காரர் கணவரின் அடையாள அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பின்னால் போய்த் தானே கதவைத் திறந்தார்.

நாயார் இறங்கினார். எல்லோரையும் முகர்ந்தார். மீசைக்காரரின் சப்பாத்தைக் கொஞ்சம் கூடுதலாக முகர்ந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பயிற்சிக் கொப்பிகள், மிளகாய்த்தூள், பிசின் வாளி. ஒன்றுமில்லை.

"சரி, போகலாம்," என்று இளையவர் மூலம் சொல்லிவிட்டு, மீசைக்காரர் ஒரு கையால் நாயாருக்கு ஏறும்படி காட்டினார். நாயார் அமர்ந்தார். மீசைக்காரர் சிங்களத்தில் அழைத்தார். அமர்ந்தேயிருந்தார். இளையவர் தன் பையிலிருந்து ஒரு துண்டு பணிஸ் எடுத்து உள்ளே போட்டார். நாயார் பணிஸைப் பார்த்தார், வாயிலிருந்து நீர் விழுந்தது, அசையவில்லை. எங்களுக்குப் பின்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஒரு லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

கணவர் போய்க் கதவைச் சாத்தினார்.

நாயார் இரண்டடி பின்னால் போய்ப் பாய்ந்தார்.

"ஷா!" என்று சிங்களத்தில் வியந்தார் இளையவர். மீசைக்காரர் கிட்ட வந்து, கதவைத் தட்டிப் பார்த்தார். அதன் மேல் விளிம்பைக் கையால் அளந்து, தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். கணவரின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "இன்னும் ஒரு தரம்?" என்று தமிழில் கேட்டார்.

மூன்று தரம் நடந்தது. கடைசித் தரம் லொறிக்காரரும் இறங்கி வந்து பார்த்தார்.

கொண்டச்சியில் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. கதவைத் திறக்க நாயார் இறங்கி, வளவைச் சுற்றி நடந்து, கிணற்றடியில் தண்ணீர் குடித்து, முன் விறாந்தையின் குளிர்ந்த சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். நாங்கள் அவரைத் தாண்டித் தாண்டி அலுமாரியையும் கட்டிலையும் உள்ளே நகர்த்தினோம். கணவர் வேலை செய்துகொண்டே சீழ்க்கை அடித்தார். அவர் சீழ்க்கை அடித்து நான் கேட்டு மூன்று மாதமாகியிருந்தது.

அடுத்த நாள் காலை, பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, அந்த ஊர் வழக்கில் ராத்தா, ஒரு தட்டு இடியப்பத்தோடு வேலிப் படலையடியில் வந்து நின்றார். புதிதாக வந்தவர்கள் சமைத்திருக்க மாட்டார்கள் என்று கொண்டுவந்திருக்கிறார். விறாந்தையில் கிடந்த நாயாரைக் கண்டதும் அவருடைய கால் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்ப் படலைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"இது கடிக்குமா?" என்று மெல்லக் கேட்டார்.

நான் யோசித்தேன். முதல் நாளே பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியாது ராத்தா," என்றேன். "இன்னும் ஒருத்தரையும் கடிச்சுப் பாக்கேல்லை. நீங்கள் வரேக்கை சொல்லுங்கோ, கட்டி வைக்கிறன்."

அவர் நாயாரையும் என்னையும் பார்த்தார். தட்டைப் படலைக்கு மேலால் நீட்டினார்.

"எங்கட கெடா முட்டும்," என்றார். "நீங்களும் பாத்து வாங்க."

தட்டு கையில் சுட்டது. உள்ளே கொண்டுபோய், நாங்கள் இருவரும் பெட்டிகளின் மேல் அமர்ந்து சாப்பிட்டோம்.